கொல்லிமலையும் கருங்கம்பளியும்

விடுமுறை வந்ததும் நம் மாணவர் கூட்டங்கூட்டமாகக் கொல்லிமலைக்குப் புறப்படுவது இக்காலத்தில் பெருவழக்காகியிருக்கின்றது. காரவள்ளி அடிவாரத்தில் வெயிலால் வாடிய முகத்தோடு வண்டியேறுகின்றனர்; எழுபது கொண்டையூசி வளைவுகளையும் கடந்து சோளக்காட்டில் இறங்கும்போது குளிர்காற்றுக்கு அஞ்சித் தோளைக் குறுக்கிக்கொள்கின்றனர். உடனே பைகளினின்றும் வெளிவருவன யாவை? பளபளக்கும் மேற்சட்டைகளும், பஞ்சுபோல் மெத்தென்ற உட்சட்டைகளும், பலநிறக் குல்லாய்களுமாம். அவற்றுட் பெரும்பாலானவை பாலியெஸ்டர், நைலான், அக்ரிலிக் என்னும் செயற்கையிழைகளால் ஆயவை. ஆட்டு ரோமத்தாலான கம்பளியொன்றை அக்கூட்டத்திற் காண்பது அரிதினும் அரிது.

உடையைப் பற்றி எழுதுவதோ, அதுவும் கல்லூரி மலரில் எழுதுவதோ என்று சிலர் நகைக்கக்கூடும். அன்னார் மார்கழி மாதத்து இரவொன்றைச் செம்மேட்டிற் கழித்துவிட்டு வந்து நகைப்பாராக. யான் சொல்லப் புகுவது இதுவே: நம் மலைகளின் குளிருக்கும் தூறலுக்கும், கடல் கடந்த ஆலைகளின் செயற்கையிழையினும், அம்மலையின் கிழக்கேயுள்ள சமவெளியில் மேயும் கரிய ஆட்டின் கம்பளியே தக்கது. அஃது இன்று நம் தோள்மீது இல்லாமைக்குக் காரணம் கம்பளியின் குறையன்று. ரோமத்திற்கும் ஆடைக்கும் இடையே நிற்க வேண்டிய கைகளும் கருவிகளும் அற்றுப்போனமையே.

கொல்லிமலை கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1000 முதல் 1300 மீட்டர் உயரத்திற் பரந்துகிடக்கும் மேட்டுநிலம். நீலகிரியைப் போல உறைபனி படியும் இடமன்று. குளிர்கால இரவுகளில் வெப்பநிலை 13 பாகை செல்சியஸ் அளவிற்கு இறங்குமென்பர். இவ்வெண்ணைக் கேட்டு, இஃதென்ன பெருங்குளிர் என்று ஏமாறுதல் கூடாது. தென்மேற்குப் பருவக்காற்றும் வடகிழக்குப் பருவக்காற்றும் இம்மலைக்கு மழை தருவன. மூடுபனியும் தூறலும் காற்றும் ஒருங்கே வரும். ஈரத்தோடு கூடிய 13 பாகை, உலர்ந்த குளிரினும் கொடிது.

ஆகாயகங்கை அருவியைக் காணச் செல்வோர் அறப்பளீசுவரர் கோயிலின் அருகினின்றும் ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகளை இறங்க வேண்டும். இறங்குங்கால் முழங்கால் நடுங்கும். அடியிலே, ஏறத்தாழ 300 அடி உயரத்தினின்றும் வீழும் ஐயாற்று நீர் திவலையாய்ச் சிதறி உடை முழுவதையும் நனைத்துவிடும். மீண்டும் ஏறுங்காலோ வியர்வை ஆறாய்ப் பெருகும். உச்சியை அடைந்து மூச்சுவாங்கி நின்ற மாத்திரத்தில் மலைக்காற்று வந்து மார்பைத் தழுவும். நடுக்கம், நனைவு, வியர்வை, குளிர் ஆகிய நான்கும் ஒரு பகலின் சிறுபொழுதுக்குள் வந்து போகின்றன. வெளியிற் செல்வார்க்குரிய ஆடையின் தகுதியை அளக்க இதனினும் நல்ல சோதனைக்கூடம் வேறு வேண்டா.

இச்சோதனையில் பருத்தி தோற்பது தெளிவு. சமவெளி வெயிலுக்குப் பருத்தியைப்போல் உற்ற துணை வேறில்லை. ஆயின் நனைந்த பருத்தி உடலோடு ஒட்டிக்கொண்டு உடற்சூட்டைக் களவாடும். பாலியெஸ்டரோ நீரை உள்ளே ஏற்பதில்லை. ஆதலின் விரைவில் உலரும். இஃது அதன் மெய்யான சிறப்பு; மறைக்க வேண்டுவதில்லை. ஆயினும் வியர்வையின் ஆவியை உண்ண மாட்டாமையால் சட்டைக்கும் தோலுக்கும் இடையே பிசுபிசுப்பு நிற்கும். ஒரு நாள் உடுத்த பின்னர் எழும் வாடையையோ உடன் தங்கியோர் நன்கறிவர்.

கம்பளியின் இயல்பு வேறு. ஆட்டு ரோமம் கெரட்டின் என்னும் புரதத்தாலாயது. நம் நகமும் தலைமயிரும் அப்பொருளே. இழையின் மேற்புறம் மீன்செதிள்போல் அடுக்கடுக்காக மூடப்பட்டுள்ளமையால் நீர்த்துளி எளிதில் உட்புகாது. உட்புறமோ நீராவியை விரும்பி ஏற்பது. சாதாரண ஈரமுள்ள காற்றில் கம்பளி தன் உலர்ந்த எடையில் நூற்றுக்கு 16 பங்கு அளவு ஈரத்தைக் கொள்ளும்; பருத்தி ஏறத்தாழ 8 பங்கும், நைலான் 4 பங்கும் கொள்ளும்; பாலியெஸ்டர் அரைப் பங்குகூடக் கொள்வதில்லை. காற்று ஈரத்தால் நிறைந்தவிடத்துக் கம்பளி தன் எடையில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு வரை ஈரத்தை ஏற்றும், தொட்டுப்பார்ப்பார்க்கு நனைந்ததுபோல் தோன்றாது. இதனினும் வியப்பு ஒன்றுண்டு. ஈரத்தை ஏற்கும்பொழுது கம்பளி சிறிது வெப்பத்தை வெளிவிடுகின்றது. உலர்ந்த அறையினின்றும் பனிமூட்டத்திற் புகுந்தவனுக்கு அவன் போர்வையே ஒரு சிறு கணப்பாகின்றது எனலாம். இழைகள் இயற்கையிலேயே சுருண்டிருத்தலின் இடையிடையே காற்றைச் சிறைப்படுத்தி வைக்கின்றன. குளிரைத் தடுப்பது நூலன்று, நூலிடையே நிற்கும் அக்காற்றேயாம். நனைந்தபோதும் அச்சுருள் முற்றும் தளர்வதில்லை.

செயற்கையிழைகளின் வரலாறு நீண்டதன்று. 1935-ல் அமெரிக்காவில் வாலஸ் கரோதர்ஸ் என்பார் நைலானைக் கண்டார். 1941-ல் இங்கிலாந்தில் வின்பீல்ட், டிக்சன் என்னும் இருவர் பாலியெஸ்டர் இழையைக் கண்டனர். இன்று மலையேறுவோர் எல்லாரும் அணியும் மெத்தென்ற பாலியெஸ்டர் உட்சட்டைத் துணி 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளிலேதான் சந்தைக்கு வந்தது. அதற்கு முன்னர் மாந்தர் மலையேறாமலா இருந்தனர்? 1924-ல் எவரெஸ்டு சரிவில் மறைந்த ஜார்ஜ் மலோரியின் உடல் 1999-ல் கண்டெடுக்கப்பட்டபோது, அவர் மேனியில் பட்டும் பருத்தியும் கம்பளியும் கபர்தீனும் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. அவ்வுடைகளைப்போன்றே புதியன செய்வித்து, 2006-ல் கிரஹாம் ஹாய்லண்டு என்பார் எவரெஸ்டிலேயே அணிந்து பார்த்து, அவை வெதுவெதுப்பாகவும் அசைவுக்கு இசைவாகவும் இருந்தனவென்று உரைத்தார். எவரெஸ்டு சரிவிலேயே அவ்வாறாயின் செம்மேட்டைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை.

வெள்ளத்தில் மிதந்து வந்த கரடியைக் கம்பளி மூட்டையென்று எண்ணி நீந்திச் சென்று பற்றியவன் கதை நம்மவர் எல்லாரும் அறிந்ததே. கரையில் நின்றோர், ‘மூட்டை போகட்டும், விட்டுவிட்டு வா’ என்று கூவ, ‘நான் விட்டுவிட்டேன், கம்பளிதான் என்னை விடமாட்டேன் என்கிறது’ என்றானாம். இன்று கடைத்தெருவிற் சென்று கம்பளிச் சட்டை வேண்டுமென்று கேட்டால், கடைக்காரர் சிறிதும் தயங்காது அக்ரிலிக் சட்டையை எடுத்துப் போடுகின்றார். பெயர் கம்பளி, உள்ளிருப்பதோ கரடி. நாம் விட்டாலும் அது நம்மை விடுவதில்லை. 2016-ல் இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, 6 கிலோகிராம் அக்ரிலிக் துணிகளை ஒருமுறை துவைத்தால் 7 இலட்சத்துக்கும் மேற்பட்ட நுண்ணிழைகள் உதிர்ந்து நீரோடு செல்லக்கூடும். 2020-ல் வெளியான பிறிதோர் ஆராய்ச்சி, எவரெஸ்டில் 8440 மீட்டர் உயரத்தில் எடுத்த பனியிலும் அத்தகைய நுண்ணிழைகளைக் கண்டது. அவற்றுட் பெரும்பகுதி பாலியெஸ்டர். மலையேறியோர் தம் ஆடையையே சிறிது சிறிதாக மலைமீது விட்டுவந்திருக்கின்றனர். கொல்லிமலையில் துவைத்த நீர் ஓடையிற் சேர்கின்றது. ஓடை ஐயாற்றிற் சேர்கின்றது. ஐயாறு புளியஞ்சோலை வழியே கீழிறங்கி வயல்களை அடைகின்றது. கம்பளியும் இழை உதிர்ப்பதே. ஆயின் உதிர்ந்தது சாயமும் பூச்சும் ஏறாததாயின், மண்ணில் மக்கித் தழைச்சத்தாக மாறிவிடும்.

நெருப்பைப் பற்றியும் ஒரு சொல். மலைவாழ் மக்கள் குளிர்காலத்து மாலைப்பொழுதை அடுப்பங்கரையிற் கழிப்பவர். பொறி ஒன்று தெறித்தால் கம்பளி கருகிப் புகைந்து தானே அவியும். பாலியெஸ்டரோ ஏறத்தாழ 250 பாகையில் உருகிச் சொட்டித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். அடுப்புக்கு அருகே அமரும் பாட்டிக்கு வாங்கித் தரும் மலிவான போர்வையில் இவ்வபாயம் ஒளிந்திருத்தலைப் பேரன்மார் எண்ணிப்பார்த்தல் நன்று.

இனி நம் நாட்டுக் கம்பளியைக் காண்போம். ஆட்டுமயிரும் பிற மயிரும் கொண்டு நெய்தல் தமிழர்க்குப் புதிய தொழிலன்று. சிலப்பதிகாரம் புகார் நகரத்து நெசவாளரைக் கூறுமிடத்துப் பட்டு, பருத்தி இவற்றோடு மயிரையும் சேர்த்தே சொல்லுகின்றது. கொங்குநாட்டு உழவர் மழையில் ஏர்பிடிக்குங்கால் கம்பளியை ஒரு முனையில் மடித்துத் தலையில் மாட்டிக்கொள்வர்; அதனைக் கொங்காடை என்பர். அதுவே குடை, அதுவே போர்வை, வீடு திரும்பினால் அதுவே படுக்கை, களத்திலே தானியம் கொட்டும் விரிப்பும் அதுவே. நாம் பைநிறையச் சுமந்து செல்லும் பொருள் நான்கின் வேலையை ஒரு கம்பளி செய்து வந்தது.

கொல்லிமலையின் விளிம்பில் நின்று மேற்கே நோக்கினால் நாமக்கல்லும் சேலமும் சார்ந்த நிலம். அப்பக்கத்தில் மிக்கிருப்பது மேச்சேரி ஆடு. அதன் உடலிற் குட்டைமயிரன்றி ரோமம் இல்லை. இறைச்சிக்கும் தோலுக்கும் பேர்பெற்றதே தவிரக் கம்பளிக்கு உதவாது. கிழக்கே நோக்கினால் துறையூர்ச் சமவெளியும் பச்சைமலையும், அவற்றிற்கு அப்பால் பெரம்பலூரும். அத்திசையிலே வளர்வது கருங்குறும்பை. கால்நடை நூலார் திருச்சிக் கருப்பு என வழங்குவது. சிற்றுடல், முழுக்கருமை, தடித்த ரோமம். வறண்ட மேய்ச்சலைக் கொண்டே வாழும். கொங்குநாட்டின் குறும்பை ஆடும் தடித்த ரோமமுடையதே. இவ்வகை ஆடுகளை மேய்ப்போர் இரவில் உழவர் வயல்களிற் கிடையமர்த்தி, எருவுக்குக் கைம்மாறாகத் தானியமோ பணமோ பெற்று ஊரூராகச் செல்வர்.

ரோமத்தைக் கம்பளியாக்கும் வேலை எளிதன்று. கத்தரித்த ரோமத்தினின்றும் முள்ளையும் தூசியையும் நீக்கி, வில்லின் நாணால் அடித்துப் பஞ்சுபோலாக்கி, இராட்டையில் நூற்க வேண்டும். பாவுநூலுக்குப் புளியங்கொட்டைப் பசை ஏற்றி உலர்த்த வேண்டும். பின்னரே குழித்தறியில் நெய்தல். குறும்பர் குடும்பங்களில் ஆண், பெண், கிழவர் அனைவர் கையும் இதிற் படும். ஆட்டின் நிறமே கம்பளியின் நிறமாதலின் கருங்கம்பளிக்குச் சாயம் வேண்டா. மழையில் அந்நிறம் கரைந்து போவதில்லை.

இத்துணை உழைப்பில் உண்டான கம்பளியின் பக்கத்தில் ஆலைப்போர்வையை அதனினும் குறைந்த விலைக்கு அடுக்கி வைத்தனர் வணிகர். பிறகு நிகழ்ந்ததை ஊகிப்பது அரிதன்று. நெய்தவர் தறியை விட்டு வேறு வேலைக்குச் சென்றனர். வாங்குவாரின்மையின் ரோமத்துக்கு விலையில்லை. தக்காணத்திலும் தமிழகத்திலும் பல இடங்களில் ஆட்டின் ரோமத்தைக் கத்தரிக்கும் கூலிக்கே ரோமத்தின் விலை போதாமையால், கத்தரித்ததை அங்கேயே எறிந்துவிட்டுச் செல்லும் நிலை வந்துவிட்டது. இறைச்சிக்கே விலையுண்டெனின், ரோமமில்லாத பெரிய உடலுள்ள ஆட்டையே மேய்ப்பவன் நாடுவான். அவனைக் குறைகூற யாருக்கும் உரிமையில்லை. ஆயின் கருங்குறும்பை குன்றிவிட்டால், வறட்சியைத் தாங்கும் ஓர் இனம் போனதோடு, அதனைச் சார்ந்த தொழிலறிவும் போய்விடும். போனபின் அவ்விரண்டையும் எந்த ஆராய்ச்சிக்கூடமும் நமக்கு மீட்டுத் தராது.

இதற்கு மருந்தில்லை என்போர்க்குக் கொல்லிமலையே விடையிறுக்கின்றது. ஒருகாலத்தில் அம்மலையின் சரிவெங்கும் சாமையும் திணையும் கேழ்வரகும் விளைந்தன. பின்னர்ச் சேலத்து ஜவ்வரிசி ஆலைகளுக்காக மரவள்ளி பயிரிடப் புகுந்தனர், கையிற் காசு வந்தது, சிறுதானியம் சுருங்கியது. அறிஞர் பலர் சிறுதானியத்தின் சத்தை எடுத்துரைத்தனர். சத்தை மலைவாழ் மகளிர் அறியாதவரல்லர். அவர்கள் வெறுத்தது தானியத்தையன்று, உரலையும் உலக்கையையும். சாமையை உமி நீங்கக் குற்றியெடுப்பது முதுகை முறிக்கும் வேலை. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் 1990-க்குப் பிந்திய ஆண்டுகளில் அங்கே பணிசெய்யப் புகுந்தபோது இவ்வுண்மையைக் கண்டுகொண்டனர். நல்ல விதையைத் தேர்ந்து கொடுத்ததோடு நில்லாமல், ஊர்களிலேயே உமி நீக்கும் சிறு பொறிகளை அமைத்து, அவற்றை மகளிர் குழுக்களின் கையில் ஒப்படைத்தனர். அரிசியாகவும் மாவாகவும் பொதிசெய்து நகரங்களில் விற்க வழி தேடினர். இழந்த நிலமெல்லாம் மீண்டுவிட்டதென்று யான் கூற வரவில்லை. மரவள்ளி இன்றும் மலையில் உண்டு. ஆனால் சாமை அழிந்துபோகாமல் நின்றது. அதற்கு வாங்குவோரும் தோன்றினர்.

கம்பளியின் செய்தியும் இதுவே. சாமைக்கு உலக்கை எப்படியோ, கம்பளிக்கு வில்லும் இராட்டையும் அப்படி. ரோமத்தைத் துவைத்து எண்ணெய்ப்பசை போக்கும் தொட்டி, சிக்கறுத்துச் சீவும் ஒரு சிறு பொறி, நூற்கும் பொறி ஆகிய இவை துறையூர்ப் பக்கத்திலோ பெரம்பலூர்ப் பக்கத்திலோ ஓரிடத்தில் அமையுமாயின், எறியப்படும் ரோமத்துக்கு மறுநாளே ஒரு விலை ஏற்படும். நெய்யத் தெரிந்த முதியோர் இன்னும் சிலர் உயிரோடிருக்கும் இக்காலத்திலேயே இது நடைபெற வேண்டும். பெருந்தொழிற்சாலை வேண்டும் என்போர் ஒன்றை மறக்கின்றனர். இந்தியாவில் விளையும் ரோமத்தில் நூற்றுக்கு 85 பங்கு தரைவிரிப்புக்கே ஏற்றதென்றும், உடைக்கு ஏற்றது 5 பங்கு அளவே என்றும் அரசாங்கக் கணக்குச் சொல்லும். மெல்லிய ரோமத்துக்குப் பெரிய ஆலைகள் ஆஸ்திரேலியாவையே நோக்கியிருக்கின்றன. கருங்குறும்பையின் ரோமம் அப்பெரிய ஆலைகளின் வாயிலுக்குச் சென்றால் மதிப்பார் இல்லை. சிறு பொறிக்கே அஃது உரியது.

தடைகளையும் நேர்மையோடு சொல்லிவிட வேண்டும். நம் கம்பளி உறுத்தும். மெரினோ ஆட்டின் ரோமம் 20 மைக்ரான் அளவுள்ள மெல்லிழை. நம் தடித்த ரோமமோ அதனினும் இருமடங்கு பருமன் வரை செல்லும். 30 மைக்ரானுக்கு மேற்பட்ட இழைநுனி தோலைக் குத்தும். ஆதலின் வெற்றுடம்பில் அணிய இஃது ஆகாது. யாரும் அணியச் சொல்லவும் இல்லை. சட்டைக்கு மேலே அணியும் கையில்லா மேலங்கியாகவும், தலைமூடியோடு கூடிய போர்வையங்கியாகவும், மெல்லிய கைத்தறித் துணியை உள்ளே வைத்துத் தைத்தால் உறுத்தல் பெரும்பாலும் மறையும். எடை மிகுதி என்பர், உண்மையே. பனிமலையில் நாட்கணக்காகச் சுமப்பவனுக்கு அது பெருங்குறை, ஆகாயகங்கைக்குப் போய்வருபவனுக்கன்று. பெருமழையிற் கம்பளி நனைந்தால் உலர நெடுநேரமாகும். அதற்கு மேலே ஒரு மழைச்சட்டை வேண்டுமானால் செயற்கையிழையாலானதே இருக்கட்டும். மழைச்சட்டையை நாம் நாள்தோறும் துவைப்பதில்லை. பூச்சியரிக்கும் என்பர், வேப்பிலையிட்டுப் பெட்டியில் வைக்க நம் பாட்டிமார் அறிவர்.

செல்வர் சிலர் கம்பளியே நன்று என்று தெளிந்து, வெளிநாட்டு மெரினோ சட்டையைப் பெரும் விலைகொடுத்து வாங்குகின்றனர். பொருளின் குணம் நன்றே. ஆயினும் அவ்விலையில் ஒரு காசும் பெரம்பலூர் இடையன் மடிக்கு வந்து சேர்வதில்லை. உடலோடு ஒட்டிய மெல்லிய உட்சட்டை வேண்டுவோர் நீலகிரி ஆட்டின் பெயரைக் கேட்டிருத்தல் நலம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெளிநாட்டு இனங்களும் நம் நாட்டு இனமும் கலந்து உதகை மலைகளில் உருவானது அது. மெல்லிய வெண்ரோமம் உடையது. இன்று எண்ணிக்கையில் மிகக் குன்றி, சாண்டிநல்லா ஆராய்ச்சி நிலையத்தாரின் பேணலால் நிலைத்து நிற்கின்றது. கொடைக்கானல் மேல்மலையில் மன்னவனூரிலும் மத்திய அரசின் செம்மறியாட்டு ஆராய்ச்சி நிலையம் உண்டு. அவ்விடங்களின் மெல்லிய ரோமத்தைக் கருங்குறும்பையின் தடித்த ரோமத்தோடு ஓரளவு கலந்து நூற்றால் இரண்டிற்கும் பயனுண்டு.

ஒன்றை மட்டும் விலக்க விரும்புகின்றேன். கம்பளி நன்றென்று கேட்டவுடன், கொல்லிமலைமீதே ஆட்டுமந்தைகளை ஏற்றி வளர்க்கலாமே என்று திட்டம் தீட்டுவார் தோன்றக்கூடும். அது தவறு. சோலைக்காட்டின் இளங்கன்றுகளுக்கு ஆட்டின் வாய் நஞ்சு. மலையின் ஈரம் ஆட்டின் குளம்புக்கு நஞ்சு. ஆடு கீழே வறண்ட நிலத்தில் இருக்கட்டும். கம்பளி மேலே போகட்டும். மேலிருந்து மிளகும் காப்பியும் பலாவும் அன்னாசியும் இறங்கும் சந்தைக்கு, கீழிருந்து கம்பளி ஏறுவது நல்ல பண்டமாற்று.

முதலில் வாங்குவது யார் என்பதே எஞ்சிய வினா. கைத்தொழிலுக்கு வேண்டுவது புகழ்மாலையன்று, முன்பணத்தோடு கூடிய ஒரு கட்டளை. நம் கல்லூரிகளில் நாட்டுநலப் பணிக்கும், தேசிய மாணவர் படைப் பயிற்சிக்கும், தாவர நூல் ஆராய்ச்சிக்குமாக ஆண்டுதோறும் மலைக்குச் செல்லும் மாணவர் எத்தனையோ பேர். ஒரு கல்லூரியில் நாற்பதின்மர் சேர்ந்து ஆளுக்கொரு கருங்கம்பளி மேலங்கி வேண்டுமென்று, குளிர்காலத்துக்கு ஆறு திங்கள் முன்னரே கேட்டாற் போதும்; ஒரு சிற்றூரின் தறிகள் மீண்டும் ஓசையிடும். ஆண்டுக்கு இருமுறை ரோமம் கத்தரிப்பதாகலின், பெரிய வகுப்பார் கட்டளையிட்டதை அடுத்த கத்தரிப்பில் நூற்று, குளிர் வருமுன் நெய்து கொடுத்தல் கூடும். அளவெடுத்துத் தைக்கத் தையற்காரர் துறையூரிலும் உளர், நாமக்கல்லிலும் உளர்.